வீட்டுக்கு ஏர் பியூரிஃபையர் வாங்கப் போகிறீர்களா? சென்னை வீடுகளுக்கான கேள்வி பதில்

ஏர் பியூரிஃபையர் பற்றிக் கிடைக்கும் ஆலோசனைகளில் முக்கால்வாசி டெல்லி வீட்டை வைத்துச் சொல்லப்பட்டவை. சென்னையின் வெயில், புழுக்கம், கடற்காற்று, திறந்தே கிடக்கும் ஜன்னல், மாலையில் போடும் சாம்பிராணி எதுவும் அந்தக் கணக்கில் வராது. இங்கே வாங்குபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் கீழே தருகிறேன். எந்த பிராண்டையும் பரிந்துரைக்கப் போவதில்லை. எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்துவிட்டால் பிராண்டை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

டெல்லி அளவுக்கு இங்கே மோசமில்லையே, இது தேவைதானா?

எல்லா வீட்டுக்கும் தேவையில்லை. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பித் தேங்கிய புகையைக் கலைத்துவிடுவது சென்னைக்குக் கிடைத்த வரம். ஆனால் டெல்லியைவிடப் பரவாயில்லை என்பதால் மட்டும் காற்று நல்ல காற்றாகிவிடாது. நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய நுண்துகளை பிஎம் 2.5 என்கிறார்கள். ஆண்டு சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் இது 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது 2009-இல் இந்தியா வகுத்த வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு வெறும் 5. நம் ஊர் இந்திய வரம்பை ஒட்டி நின்றாலும், அந்த இரண்டாவது அளவைப் பல மடங்கு தாண்டித்தான் இருக்கிறது.

ஊருக்குள்ளேயும் இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டு. மணலி, எண்ணூர் பக்கம் சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம், கண்டெய்னர் லாரிகள் என எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. அங்கே குழந்தைகளை வைத்துக்கொண்டு குடியிருக்கும் குடும்பத்துக்கும் பெசன்ட் நகரில் கடற்கரையை ஒட்டிய வீட்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. 2022 ஏப்ரலில் பெருங்குடி கிடங்கு பற்றி எரிந்தபோது பட்ட பாடு அவர்களுக்கு மறந்திருக்காது.

எங்கள் ஏரியாவில் காற்று எப்படி என்று எங்கே பார்ப்பது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் பார்க்கலாம். ஆலந்தூர், வேளச்சேரி, மணலி, அரும்பாக்கம், பெருங்குடி, ராயபுரம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் நிலையங்கள் உள்ளன. அதில் பெரிதாகத் தெரியும் ஏக்யூஐ எண், அதாவது காற்றுத் தரக் குறியீடு, 24 மணி நேர சராசரி. அதனால் இந்த நிமிடம் தெருவில் டயர் எரிந்தாலும் அந்த எண் உடனே ஏறாது. பிஎம் 2.5 அளவைத் தனியாகப் பாருங்கள். கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் நல்லது, 60 வரை திருப்தி, 90-ஐத் தாண்டினால் மோசம் என்பது இந்திய அளவுகோல்.

ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் பார்த்து வாருங்கள். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைதான் மோசமாக இருப்பதைக் காண்பீர்கள். தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலே எழ முடியாமல் புகையையும் பிடித்து வைத்துக்கொள்வதுதான் காரணம். மதியம் பார்த்தால் பாதியாகக் குறைந்திருக்கும்.

வாங்கும் முன்பே செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. இந்தப் பக்கம் முழுவதிலும் நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான்: வீட்டுக்குள் நாமே உண்டாக்கும் புகையை முதலில் நிறுத்துங்கள்.

கொசுவத்திச் சுருளையே எடுத்துக்கொள்வோம். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டுக் குழந்தையின் கட்டிலுக்குக் கீழே சுருளை வைக்கும் வீடுகள் இன்னும் எத்தனையோ. அந்த அறைக்குப் பத்தாயிரம் ரூபாய் மெஷினைவிட நல்ல கொசுவலை ஆயிரம் மடங்கு மேல். ஜன்னலுக்கு வலை அடித்து, கட்டிலுக்கும் ஒரு வலை கட்டுங்கள்.

அடுத்தது அடுப்படி. மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளிக்கும்போது வீடே தும்முகிறதே, அதில் நெடி மட்டும் இல்லை, எண்ணெய்த் துகளும் சேர்ந்தே வருகிறது. காய்ந்த தோசைக்கல், மீன் வறுவல் எல்லாம் இதே கதைதான். எக்ஸாஸ்ட் ஃபேனை அடுப்பு பற்ற வைக்கும்போதே போட்டு, சமையல் முடிந்து கால் மணி நேரம் கழித்து நிறுத்துங்கள். வெளியே குழாய் போகும் சிம்னி இருந்தால் இன்னும் நல்லது. குழாய் இல்லாமல் அதே காற்றை அறைக்குள்ளேயே விடும் வகை, எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்குமே தவிர புகையை முழுதாக எடுக்காது.

ஊதுவத்தியும் சாம்பிராணியும் பக்தி சம்பந்தப்பட்டவை, விடச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஜன்னல் திறந்திருக்கட்டும். வீசிங் உள்ளவர் அந்த அறையில் இருக்க வேண்டாம்.

அப்படியானால் யார்தான் வாங்க வேண்டும்?

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் உள்ளவர்கள், கைக்குழந்தை, வயதானவர்கள் இருக்கும் வீடு. பெரிய சாலையை ஒட்டியோ தொழிற்சாலைப் பகுதியிலோ குப்பைக் கிடங்குக்குப் பக்கத்திலோ இருக்கும் வீடு. எதிரில் ஒரு வருடமாகக் கட்டுமான வேலை நடக்கும் வீடு. இதில் ஏதாவது ஒன்றில் உங்கள் வீடு அடங்கினால், தூங்கும் அறைக்கு மட்டும் ஒன்று வாங்குங்கள். நாளில் எட்டு மணி நேரம் அங்கேதான் மூச்சு விடுகிறோம். முதலில் ஹாலுக்கு வாங்க வேண்டாம். ஆள் போக வர, கதவு திறந்தே கிடக்கும் இடத்தில் பலன் குறைவு.

இது இன்ஹேலருக்கோ மாத்திரைக்கோ மாற்று இல்லை. மெஷின் வந்துவிட்டதே என்று மருந்தை நிறுத்தாதீர்கள்.

உள்ளே என்னதான் இருக்கிறது?

ஒரு ஃபேன், அதற்கு முன்னால் ஒரு ஃபில்டர். அவ்வளவுதான். முடியையும் பஞ்சையும் பிடிக்க வெளியே ஒரு வலை, அடுத்து நுண்துகளைப் பிடிக்க மடிப்பு மடிப்பாக ஹெப்பா ஃபில்டர், சிலவற்றில் அதோடு கார்பன் அடுக்கு. ஒளிரும் வளையம், வைஃபை, குரலில் கட்டளை எல்லாம் இதன் மேல் வைத்த அலங்காரம். இதை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் குழம்ப மாட்டீர்கள்.

என் அறைக்கு எந்த அளவு மெஷின்?

பெட்டியில் சிஏடிஆர் என்று ஓர் எண் போட்டிருக்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றை அந்த மெஷின் வெளியே தள்ளும் என்பதுதான் அது. இந்த எண்ணை வைத்து வாங்குங்கள். 'இத்தனை சதுர அடிக்கு ஏற்றது' என்று பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதை வைத்து வாங்காதீர்கள்.

கணக்கு எளிது. 10-க்கு 12 அறை 120 சதுர அடி. கூரை 10 அடி என்றால் உள்ளே 1,200 கன அடி, அதாவது சுமார் 34 கன மீட்டர் காற்று. அந்தக் காற்று மணிக்கு ஐந்து முறை ஃபில்டர் வழியாகப் போக வேண்டும். 34-ஐ ஐந்தால் பெருக்கினால் 170. மனக்கணக்காகச் சொன்னால், அறையின் சதுர அடியை ஒன்றரையால் பெருக்குங்கள். 120-க்கு 180, 200-க்கு 300.

இப்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 250 சிஏடிஆர் உள்ள மெஷினில் 300, 350 சதுர அடி என்று போட்டிருக்கலாம். மணிக்கு இரண்டு, மூன்று முறை காற்று சுற்றினால் போதும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. நம் கணக்கில் 160 சதுர அடிக்கு மேல் அது தாங்காது.

இன்னொரு விஷயம், இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த சிஏடிஆர் எண் ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது அளந்தது. முழு வேகத்தில் வைத்தால் இரைச்சலில் தூங்க முடியாது. ஸ்லீப் மோடில் வைத்தால் வெளிவரும் காற்று கால்வாசியாகக்கூடக் குறைந்துவிடும். அதனால் நடு வேகத்தில் ஓடினாலே போதும் என்கிற அளவுக்குப் பெரிதாக வாங்க வேண்டும். 120 சதுர அடி படுக்கையறைக்கு 180 தேவை என்றால், 300-ஐ ஒட்டிய மெஷினைப் பாருங்கள்.

சில பெட்டிகளில் இந்த எண்ணை நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று போட்டிருப்பார்கள். 1.7-ஆல் பெருக்கினால் மணிக்கு கன மீட்டர் கிடைக்கும். சிஏடிஆர் எண்ணே போடாத மெஷினை, எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் தொட வேண்டாம்.

ஹெப்பா ஃபில்டரில் எச்13, எச்14 என்கிறார்களே, எது நல்லது?

பிடிப்பதற்கு மிகவும் கஷ்டமான அளவுத் துகளில் 99.95 சதவீதத்தைப் பிடித்தால் எச்13, 99.995 என்றால் எச்14. அந்தக் கஷ்டமான அளவு 0.3 மைக்ரானை ஒட்டி வருகிறது (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதைவிடப் பெரியவை நேராக வந்து இழைகளில் மோதி மாட்டிக்கொள்ளும். அதைவிட மிகச் சிறியவை நேர்கோட்டில் போகாமல் அங்குமிங்கும் துடித்துக்கொண்டே போவதால் அவையும் இழையில் ஒட்டிவிடும். '0.1 மைக்ரானைக்கூடப் பிடிக்கும்' என்ற விளம்பரத்தில் பெரிய அதிசயம் இல்லை.

வீட்டுக்கு எச்13 தாராளம். ஒரே காற்று திரும்பத் திரும்ப ஃபில்டருக்குள் போய் வருவதால், 99.95-க்கும் 99.995-க்கும் உள்ள வித்தியாசம் அறையில் தெரியாது. மணிக்கு 150 கன மீட்டர் தள்ளும் மெஷினுக்கும் 300 தள்ளும் மெஷினுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே தெரியும். 'ஹெப்பா டைப்', 'ஹெப்பா போன்றது' என்று எழுதியிருந்தால் விலகிவிடுங்கள். அதற்கு எந்தத் தர அளவும் கிடையாது.

வாடை, பெயின்ட் நெடி, கேஸ் எல்லாம் போகுமா?

ஹெப்பா துகளை மட்டும்தான் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. வாடைக்கு ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும். அதிலும் கார்பனின் எடைதான் முக்கியம். ஃபில்டரைக் கையில் வாங்கிப் பாருங்கள். குருணை குருணையாகக் கரி நிரம்பிக் கனமாக இருந்தால் கொஞ்ச காலத்துக்கு வேலை செய்யும். கரிப்பொடி தடவிய மெல்லிய பஞ்சுத் தகடு என்றால் சில வாரங்களிலேயே தீர்ந்துபோகும். புதுப் பெயின்ட், புது பிளைவுட் அலமாரி நெடிக்கு ஜன்னலைத் திறந்து வைப்பதே முதல் மருந்து.

சமையல் கேஸ் கசிவு, ஜெனரேட்டரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு போன்றவற்றுக்கு இந்த மெஷின் பாதுகாப்பே இல்லை. 2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்தபோது மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. அப்படி ஒரு நேரத்தில் மெஷினை நம்பி உள்ளே உட்கார்ந்திருக்கக் கூடாது.

அயனைசர், யூவி (புற ஊதா) விளக்கு இருந்தால் கூடுதல் பலனா?

அயனைசர் துகளுக்கு மின்னேற்றம் கொடுத்துச் சுவரிலும் தரையிலும் ஒட்ட வைக்கிறது. சில வகைகள் அதோடு ஓசோனையும் உண்டாக்குகின்றன. ஓசோன் மூச்சுக்குழாயை உறுத்தும், ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகவே ஆகாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 0.05 பிபிஎம்முக்கு (காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.05 பங்கு) மேல் ஓசோன் விடும் மெஷினை விற்கவே தடை இருக்கிறது. அயனைசரைத் தனியாக அணைக்க பட்டன் உள்ள மெஷினாகப் பார்த்து வாங்கி, அணைத்தே வையுங்கள். 'ஓசோனால் சுத்தம் செய்கிறது' என்று பெருமையாகச் சொல்லும் மெஷின் வீட்டுக்குள் வரவே கூடாது.

யூவி விளக்கு கிருமியைக் கொல்லும், உண்மைதான். ஆனால் ஒளி அதன் மேல் போதிய நேரம் பட வேண்டும். மெஷினுக்குள் காற்று கண நேரத்தில் கடந்துவிடுகிறது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

மெஷின் விலை சரி, அப்புறம் செலவு என்ன?

ஃபில்டர்தான் செலவு. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டியிருக்கும். மெஷினைப் பொறுத்து 1,500 ரூபாயும் ஆகலாம், 5,000 ரூபாயும் ஆகலாம். மலிவான மெஷினுக்கு விலை அதிகமான ஃபில்டர் என்றால் மூன்று வருடத்தில் கணக்கு தலைகீழாகிவிடும். ஆகவே மெஷினை வாங்கும் முன்பே அதன் ஃபில்டரை ஆன்லைனில் தேடிப் பாருங்கள். ஸ்டாக் இருக்கிறதா, என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று பார்த்துவிட்டுத்தான் மெஷினுக்குப் பணம் கட்ட வேண்டும். நல்ல மெஷினே ஃபில்டர் கிடைக்காமல் பரணுக்குப் போவது உண்டு.

ஃபில்டரை மாற்றச் சொல்லி எரியும் விளக்கு பல மெஷின்களில் ஓடிய மணி நேரத்தை மட்டும்தான் எண்ணுகிறது. விளக்கு எரிந்ததும் கழற்றிப் பாருங்கள். சாம்பல் நிறம் மட்டும் என்றால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். கறுத்துப்போய், காற்று வருவது குறைந்திருந்தால், அல்லது ஈர வாடை அடித்தால் மாற்றிவிடுங்கள். புழுக்கமான நம் ஊரில் இந்த ஈர வாடைதான் சீக்கிரம் வரும்.

கரண்ட் பில்?

50 வாட் மெஷின் பத்து மணி நேரம் ஓடினால் அரை யூனிட். இரண்டு மாத பில்லில் 30 யூனிட் கூடும். ஏற்கெனவே 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீடு என்றால் கவனம், அதைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். நடு வேகத்தில் ஓட்டினால் இதைவிடக் குறைவாகத்தான் இழுக்கும்.

ஏசி, ஃபேன், ஜன்னல் எல்லாம் எப்படி இருக்க வேண்டும்?

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக் காற்றையே சுற்ற விடுகிறது. அதில் இருக்கும் வலை பெரிய தூசியை மட்டும் பிடிக்கும். ஏசி ஓடும் அறை மூடியே இருப்பதால் பியூரிஃபையருக்கு அது மிகவும் வசதியான இடம். சீலிங் ஃபேன் ஓடினாலும் தப்பில்லை, காற்று நன்றாகக் கலக்கும்.

ஜன்னல் திறந்திருந்தால் மெஷின் ஓடியும் பயனில்லை. அதே சமயம் நாள் முழுக்க மூடியே வைத்தால் நாம் விடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடு அறையில் ஏறிக்கொண்டே போகும். அதை எந்த ஃபில்டரும் எடுக்காது. காலையில் எழுந்ததும் தலை கனக்கிறது என்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். மதியம், வெளிக்காற்று நன்றாக இருக்கும் நேரத்தில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூடி, மெஷினை முழு வேகத்தில் ஓட்டி, படுக்கும்போது நடு வேகத்துக்குக் குறைத்துவிடுங்கள்.

எங்கே வைப்பது?

தலைமாட்டுப் பக்கம், சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி. காற்று உள்ளே போகும் பக்கத்தைத் திரைச்சீலையோ பீரோவோ மறைக்கக் கூடாது. சமையலறையில் வைக்காதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு ஃபில்டரை அடைத்துவிடும்.

முதல் முறை போடும் முன் பின்மூடியைக் கழற்றி ஃபில்டரை வெளியே எடுங்கள். பல மெஷின்களில் அது பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே வைக்கப்பட்டு வரும். உறையைப் பிரிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு.

மெஷின் திரையில் பிஎம் 2.5 எப்போதும் 8, 10 என்றே காட்டுகிறதே, நம்பலாமா?

ஓரளவுக்குத்தான். சென்சார் மெஷினிலேயே இருப்பதால், மெஷினைச் சுற்றியுள்ள காற்றைத்தான் அது அளக்கிறது. அறையின் மறு கோடியில் கட்டில் பக்கம் அளவு கூடுதலாக இருக்கலாம். ஆட்டோ மோடில் இந்த எண்ணை நம்பி ஃபேன் மெதுவாகிவிடும். அதனால் ஆட்டோவைவிட நடு வேகத்தில் நிலையாக வைப்பதுதான் என் சிபாரிசு. குளியலறைக் கதவு திறந்து வெந்நீர் ஆவி வந்தால்கூட எண் ஏறும். சென்சாருக்கு நீர்த்திவலையும் துகள்தான்.

மெஷின் வாங்கியும் பையனுக்கு வீசிங் குறையவில்லை. ஏன்?

தூசிப்பூச்சி காரணமாக இருக்கலாம். மெத்தை, தலையணை, சோபாவில் வாழும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி இது. ஈரப்பதம் அதிகமான நம் ஊர் அதற்கு ரொம்பவும் தோது. அதன் கழிவு கனமான துகள், காற்றில் அதிக நேரம் மிதக்காமல் படிந்துவிடும். காற்றில் இல்லாததை மெஷின் எப்படிப் பிடிக்கும்? படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். மெத்தைக்கு முழுதாக ஜிப் போட்ட உறை போடுங்கள். சுவரில் பூஞ்சை இருந்தால் கசிவை அடையுங்கள். இவ்வளவுக்கும் பிறகு குறையவில்லை என்றால் நுரையீரல் மருத்துவரிடம் அலர்ஜி சோதனை பற்றிக் கேளுங்கள்.

செடி வளர்த்தால் போதாதா?

செடி அழகு, மனசுக்கு இதம், வளருங்கள். காற்றைச் சுத்தம் செய்யும் என்பது 1989-இல் நாசா சிறிய, மூடிய பெட்டிக்குள் செய்த சோதனையிலிருந்து பரவியது. 2019-இல் இத்தகைய சோதனைகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஜன்னல் வழியாக இயல்பாக வந்துபோகும் காற்றுக்கு ஈடு கொடுக்க, ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டுமாம்.

தீபாவளி, போகி நாட்களில் என்ன செய்ய வேண்டும்?

மெஷின் தன் விலைக்கு ஈடு கொடுக்கும் நாட்கள் இவை. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாத அளவுக்கு மூடிக்கொண்டது. போகிக்கு முந்தின இரவே ஜன்னலை மூடி, கதவின் கீழ் இடுக்கில் ஈரத் துணியைச் சுருட்டி வைத்து, மெஷினை முழு வேகத்தில் விட்டுவிடுங்கள். விடிந்ததும் கோலம் போடப் போவோர் போகட்டும், மூச்சுத் தொல்லை உள்ள பெரியவர்கள் ஒன்பது, பத்து மணி வரை அந்த அறையிலேயே இருக்கட்டும். வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் என்95 முகக்கவசம் போடுங்கள், கைக்குட்டை உதவாது. பண்டிகை முடிந்த மறுநாள் வெளி வலையைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள்.

ஃபில்டரைக் கழுவலாமா?

வெளி வலையை மட்டும் கழுவலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழாயடியில் காட்டி, நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஹெப்பாவில் தண்ணீர் பட்டால் இழைகள் கெட்டுவிடும். கழுவலாம் என்று தயாரிப்பாளரே எழுதியிருந்தால் ஒழிய நனைக்காதீர்கள். மொட்டை மாடியில் தட்டி உதறவும் வேண்டாம், பிடித்து வைத்த அத்தனையும் உங்கள் மூக்குக்குத்தான் வரும். பழையதைக் கழற்றும்போது மாஸ்க் போட்டுக்கொண்டு, பெரிய கவரில் போட்டு வாயைக் கட்டி, உலர் குப்பையோடு கொடுத்துவிடுங்கள். எடுக்க வருபவர் அதைப் பிரித்துப் பார்க்காதபடி, என்ன பொருள் என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்.